லோகோவிலேயே சுற்றும் போன்

போன வாரம் அம்மாவின் ஆண்ட்ராய்டு போன் லோகோ வரை வந்து அணைந்து, மறுபடி லோகோ காட்டிக்கொண்டே இருந்தது. முதலில் உறையைக் கழற்றி பவர் பட்டனைப் பாருங்கள். அது உள்ளே சிக்கினாலும் இப்படி ஆகும். அம்மாவின் போனில் பட்டன் ஓரத்தில் தோசைமாவு காய்ந்திருந்தது. துடைத்தும் சரியாகவில்லை.

அப்புறம் பவரையும் வால்யூம் அப்பையும் சேர்த்து அழுத்தி, போன் முழுதாகத் திறக்காதபோது சரிசெய்ய உதவும் ரெகவரி மெனுவுக்குப் போனேன். மாடலுக்கு மாடல் பட்டன் மாறும். வால்யூம் பட்டனால் நகர்ந்து, 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால் அதில் நின்று பவரை அழுத்துங்கள். தற்காலிகக் கோப்புகள் மட்டுமே போகும், படங்கள் போகாது. பக்கத்திலேயே 'வைப் டேட்டா' இருக்கும். அதைத் தேர்ந்தால் எல்லாம் அழியும், அவசரப்படாதீர்கள். பிறகு 'ரீபூட்', அதாவது போனை மறுபடி தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். நானும் அப்படியே செய்தேன். திரையில் பேத்தியின் முகம் வந்ததும் அம்மா போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அன்றே படங்களையெல்லாம் கணினியில் நகலெடுத்துவிட்டேன்.