மிச்சமில்லாமல் திரும்பும் மதியச் சாப்பாட்டு டப்பா

காலை ஏழரைக்கு அடைக்கிற சோற்றைப் பிள்ளை தொடுவது பன்னிரண்டரைக்கு. இடையில் ஐந்து மணி நேரம். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் ருசி பார்த்து அடைத்தால் போதாது. புதிதாக ஒன்றைக் கொடுத்துவிடும் முன், விடுமுறை நாளில் அதே டப்பாவில் அடைத்து வைத்து மதியம் நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை ஏன் மீதம் வைக்கிறது என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தை விட டப்பாவுக்குப் பொருத்தமானது குறைவு. பருப்பின் புரதம் சோற்றிலேயே இருக்கிறது, தனியாகக் குழம்பு வேண்டாம், பையில் சிந்தாது. ஆறினால் கட்டியாவதுதான் அதன் குறை. உடனே சாப்பிட, ஒரு டம்ளர் அரிசிக்கும் கால் டம்ளர் துவரம்பருப்புக்கும் மூன்று டம்ளர் தண்ணீர் சரி. ஆற ஆறச் சோற்றின் மாவுச்சத்து இறுகும் என்பதால் டப்பாவுக்கு மூன்றே முக்கால் டம்ளர் வைக்க வேண்டும். இறக்கும்போது கொழகொழவென்று தெரியும், பயப்பட வேண்டாம்.

அரிசியையும் பருப்பையும் 20 நிமிடம் ஊற வையுங்கள். குக்கரில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 12, பூண்டு 5 பல், தக்காளி ஒன்று, மஞ்சள்தூள் கால் ஸ்பூன் என்று வரிசையாக வதக்கி, தண்ணீரும் உப்பும் சேர்த்து, கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கிளறுங்கள். மிளகைப் பொடித்தே போட வேண்டும். வரமிளகாயை முழுதாகப் போட்டு, அடைக்கும் முன் எடுத்துவிடுங்கள். ஒரு வாயில் முழு மிளகு கடிபட்டால் அன்றைக்கு டப்பா அப்படியே திரும்பி வரும்.

எந்தச் சோறானாலும் தட்டில் பரப்பி, பத்து நிமிடம் ஆவி போனபின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டி நசநசக்கும். அதற்காக மணிக்கணக்கில் ஆற விடவும் கூடாது. முந்தின இரவு முழுக்க வெளியே இருந்த சோற்றைத் தாளித்துக் கொடுக்கவே வேண்டாம். அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

தயிர்சாதம் புளிப்பதற்குக் காரணம் தயிர் அதிகமாவதுதான். குழைந்த சோறு ஒரு கப்பை மசித்து, காய்ச்சி ஆறிய பால் முக்கால் கப், தயிர் ஒன்றரை ஸ்பூன் மட்டும் கலந்தால் மதியத்துக்குள் இதமாகத் தோய்ந்திருக்கும். பச்சைத் தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் ஊசிப்போகும். இட்லிக்கு இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவிவிட்டால் காய்ந்தும் போகாது. தோசை ஆறினால் ரப்பர், அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டலுக்குப் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் நல்லவை. எட்டு மணி நேரம் ஊறிய பச்சைப்பயறுக்கு ஒரு விசில் போதும், இரண்டானால் குழையும். நீரை முழுதாக வடித்துத் தாளியுங்கள். ஈரம் நின்றால் மதியம் பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்பைத்தான் பிள்ளைகள் வெறுக்கிறார்கள்.

பிடிக்காத காயை டப்பாவில் முதன்முதலாக அறிமுகப்படுத்தாதீர்கள். இரவுச் சாப்பாட்டில் நாலைந்து முறை பழகிய பிறகு, பிடித்த சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கப் சோறே நிறைய. வழிய வழிய அடைத்தால் பார்த்ததுமே மலைப்பு வந்துவிடும். மூடியைத் தானே திறக்க முடிகிறதா என்று வீட்டில் பாருங்கள். இறுகிய மூடியால் பட்டினி கிடக்கும் சிறுசுகள் உண்டு.

இடைவேளைக்குக் கொய்யாத் துண்டு, அவித்த கடலைக்காய் கொடுக்கலாம். வகுப்பில் கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக்கடலை தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக அரிந்து வையுங்கள்.