டர்பனில் போகிற மெயில் வழியில் ஏன் போவதில்லை?

வீட்டு வைஃபையில் மெயில் ஒழுங்காகப் போகும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிற வழியில், என்3 நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைத் திறந்தால் புது மெயில்கள் வந்து விழும். நாம் எழுதியது மட்டும் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். உடனே பலர் கணக்கையே அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாப் என்ற முறையில் சர்வரிலிருந்து லேப்டாப்புக்கு இறக்கிய பழைய மெயில்கள் அதோடு போய்விடலாம்.

மெயில் வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. ஐமேப், பாப் என்ற முறைகள் மெயிலைக் கொண்டுவருகின்றன, அனுப்புவது எஸ்எம்டிபி என்ற முறை. வீட்டுக்கு இன்டர்நெட் தருகிற நிறுவனத்தின் சர்வரையே அனுப்புவதற்கும் போட்டு வைத்திருந்தால் அங்கேதான் சிக்கல். அப்படிப்பட்ட சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் இணைப்பில் இருப்பவர்களிடம் மட்டுமே மெயில் வாங்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் நாம் வெளியாள்.

போர்ட் 25 என்று போட்டிருப்பது இன்னொரு தவறு. அது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல். ஸ்பேமைத் தடுக்கப் பல நெட்வொர்க்குகள் அதை அடைத்துவிடுகின்றன. உங்கள் மெயில் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய சர்வரையே போடுங்கள். போர்ட் 587 அல்லது 465, கூடவே யூசர்நேம், பாஸ்வேர்டு. அப்புறம் இணைப்பு மாறினாலும் அமைப்பைத் தொட வேண்டியிருக்காது.

ஹோட்டல், விமான நிலைய வைஃபையில் முதலில் பிரவுசரைத் திறந்து உள்நுழையுங்கள். அதற்கு முன் மெயிலைத் திறந்தால் சில சமயம் சான்றிதழ் எச்சரிக்கை வரும், அதாவது சர்வரின் அடையாளச் சான்று சரியில்லை என்று. அவசரத்தில் ‘சரி’ என்று அமுக்கிவிடாதீர்கள். எதிரே இருப்பது உங்கள் சர்வர்தானா என்று தெரியாமல் பாஸ்வேர்டைக் கொடுப்பதாகிவிடும்.

லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு நேரத்தில் மொபைல் டவரின் பேட்டரி தீர்ந்தால் சிக்னலும் போய்விடும். அந்த நேரத்தில் பெரிய கோப்பை அனுப்பவே வேண்டாம். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து போகும், டேட்டா வீண். இணைத்த கோப்பு பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு பெருக்கவும் செய்யும், 20 எம்பி ஏறக்குறைய 27 ஆகிவிடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அத்தை மகன் ஒரு வெள்ளிக்கிழமை வேலை விண்ணப்பத்துக்கு ‘அனுப்பு’ அமுக்கிவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தான். அன்றுதான் கடைசி நாள். திங்கட்கிழமை திறந்தபோது அது அவுட்பாக்ஸில் இருந்தது. இப்போதெல்லாம் அனுப்பியவை பகுதியில் மெயிலைப் பார்த்த பிறகுதான் லேப்டாப்பை மூடுகிறான்.