சேர்க்கை நேர்காணலா? வாய்விட்டு யோசிக்கப் பழகுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நேர்காணல்களுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் கணித ஆசிரியர் நான். வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்னென்ன கேள்வி வரும் சார்?" என்றுதான். அந்தப் பட்டியலைத் தேடுவதை இன்றே நிறுத்துங்கள். ஓரிரு மாணவர்களை எதிரே உட்காரவைத்து, கேள்வி கேட்டுக் கேட்டே பாடம் நடத்துவது அந்த இரு பல்கலைக்கழகங்களின் வழக்கம். உங்களுக்கு அப்படிக் கற்பிக்க முடியுமா என்று பார்க்கத்தான் அழைக்கிறார்கள். அதனால் உடனே விடை சொல்ல முடியாத கேள்வியை வேண்டுமென்றே கேட்பார்கள்.

நான் வகுப்பில் கொடுக்கும் கணக்கு ஒன்று: 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால், விடையின் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் இருக்கும்? ஒரு மாணவி, "10, 20, 30... 100-இல் இரண்டு. மொத்தம் 11" என்றாள். "5-ஐ 2-ஆல் பெருக்கினால்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் 10-ஐ எண்ணக் கூடாது, 5-ஐ எண்ண வேண்டும். 2 ஏராளமாக இருக்கிறது. 5-இன் மடங்குகள் 20. இல்லை, 25-க்குள் இரண்டு 5 இருக்கிறதே! 25, 50, 75, 100, ஆக இன்னும் நான்கு. 24!" என்றாள். அந்த "இல்லை" என்ற இடம்தான் எனக்குப் பிடித்தது. குறிப்பு கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள், தன் விடையைத் தானே சோதிக்கிறாள். முதலில் சொன்ன 11 தவறுதான். ஆனாலும் அவளுக்குப் பாடம் நடத்த எந்த ஆசிரியரும் ஆசைப்படுவார்.

இதற்குத் தினமும் பழக வேண்டும். தெரியாத கணக்கையோ, படிக்காத ஒரு பத்தியையோ எடுத்துக்கொண்டு, மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லுங்கள். எதிரே ஒருவர் இருந்தால் நல்லது. அம்மா அப்பாவைவிட, உங்களை அதிகம் அறியாத ஓர் ஆசிரியர் மேல்; நீங்கள் திணறும்போது அவர் விடையை எடுத்துக்கொடுக்க மாட்டார். கேள்வி புரியவில்லையா, "இப்படித்தான் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். அது குறையே அல்ல.

விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்வியாக வரலாம். படித்து முடிக்காத புத்தகத்தின் பெயரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எழுதிய புத்தகத்தில் நீங்கள் ஏற்காத ஓர் இடத்தையும் காரணத்தோடு யோசித்து வையுங்கள்.

மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான நேர்காணல் முறையைப் பல மருத்துவக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. ஒரே நீண்ட பேச்சுக்குப் பதில், அடுத்தடுத்துப் போக வேண்டிய பல நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் வேறு கேள்வி, சில நிமிடங்கள்தான். கடிகாரம் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு நேர்காணல்கள் 2020 முதல் இணையவழியில் நடக்கின்றன. கேமரா, மைக், திரையில் எழுதும் வசதி எல்லாவற்றையும் முந்தைய வாரமே சோதித்துவிடுங்கள். மாதிரிக் கேள்விகளையும் பயிற்சிக் காணொளிகளையும் பல்கலைக்கழகமே இலவசமாகத் தருகிறது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அவற்றைப் பாருங்கள். அங்கே ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட நேர்காணல் நடப்பது சகஜம். முதலாவது சரியாகப் போகவில்லை என்று தோன்றினால், யாரிடமும் அதை அலசாமல் சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்கு உட்காருங்கள்.