வெளி வியூஃபைண்டரை நம்பிக் கெடும் படங்கள்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வீடியோ எடுக்கத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே மடங்கிவிடும். கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் அப்போதே இருண்டுவிடும். மிஞ்சுவது பின்திரை. உச்சி வெயிலில் அதில் நம் முகம்தான் தெரியும், படம் தெரியாது. அதற்காகத்தான் எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைக்கும் மின்னணு வியூஃபைண்டரைத் தேடிப் போகிறோம். அதைக் கேபிள் முனையில் இருக்கும் குட்டித் தொலைக்காட்சி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கேமரா அனுப்புவதை மட்டும் காட்டும். இதை மறந்தால் தவறுகள் வரிசையாக வரும்.

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. ஒலிம்பஸ் வி.எஃப்-2, கேனான் ஈ.வி.எஃப்-டி.சி.1 போன்றவை ஹாட் ஷூவில், அதாவது கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், அழகாகப் பொருந்தும். ஆனால் அவை தமக்கென்று தனி இணைப்பு கொண்ட சில கண்ணாடியில்லா கேமராக்களுக்கும் சிறு கேமராக்களுக்கும் செய்யப்பட்டவை. டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் ஹாட் ஷூ வழியே அவற்றுக்குப் படம் போகாது.

அடுத்தது கேமரா எதை அனுப்புகிறது என்று பாராமல் இருப்பது. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 இதற்குச் சரியான உதாரணம். காத்திருக்கும்போது துல்லியமான படம் வரும். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் அது 480 வரிகளாக இறங்கிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த வியூஃபைண்டரை மாட்டினாலும் அந்த 480 வரிகளைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அடுத்த ஆண்டு வந்த 7டி கேமராவில் இந்தச் சிக்கல் இல்லை. 5டி மார்க் 3 கேமராவில் எழுத்துகள் கலவாத சுத்தமான வெளியீடு 2013 ஏப்ரலில் வந்த மென்பொருள் புதுப்பிப்போடுதான் கிடைத்தது. பழைய கேமராவை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

ஃபோகஸ் கெடுவதும் இங்கேதான். விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் வசதியைப் பலர் கண்மூடி நம்புகிறார்கள். தரம் இறங்கிய படத்தில் மூக்கு நுனியும் கண்ணிமையும் ஒன்றுபோலச் சிவந்து நிற்கும். லென்ஸை எஃப் 1.4 அளவுக்கு அகலமாகத் திறந்து வைத்திருந்தால் இரண்டில் ஒன்றுதான் உண்மையில் கூர்மையாக இருக்கும். 5டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் பதிவைத் தொடங்கும் முன்பே லைவ் வியூவில் (சென்சார் பார்ப்பதை நேரடியாகத் திரையில் காட்டும் வசதி) பத்து மடங்கு பெரிதாக்கிக் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பீக்கிங் உணர்திறனையும் குறைத்து வையுங்கள்.

அதற்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியது டயாப்டர், அதாவது வியூஃபைண்டரை உங்கள் பார்வைக்கு ஏற்ப அமைக்கும் திருகு. அதைத் திருப்பும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், மெனுவின் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்து தெளிவானால்தான் உங்கள் கண்ணுக்குச் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

என்னை அதிகம் வருத்தும் தவறு, வெளிச்சத்தை வியூஃபைண்டரைப் பார்த்தே முடிவு செய்வது. ரப்பர் மூடிக்குள் கண் இருளுக்குப் பழகிவிடுகிறது. மங்கலான படமும் அங்கே பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகங்களெல்லாம் இருட்டு. படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், குறிப்பிட்ட வெளிச்ச அளவைத் தொடும் இடங்களில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ராவைப் போடுங்கள். ஜீப்ராவை 70 சதவீதத்தில் வைத்து முகத்தைச் சரிசெய்யச் சொல்லும் பழைய பாடம் வெளிறிய தோலை மனத்தில் வைத்துச் சொன்னது. நம்மில் பலருடைய மாநிறத்தையும் கருநிறத்தையும் அந்த அளவுக்கு ஏற்றினால் தோலின் செழுமையே போய்விடும். அளவைக் குறைத்து வைத்து, எடுக்கப்போகும் முகத்திலேயே சோதித்துக்கொள்வதுதான் நியாயம்.

வெயிலில் இன்னோர் ஆபத்து உண்டு. கண் வைக்கும் பக்கத்தில் இருப்பது உருப்பெருக்கும் லென்ஸ். சூரியன் அதன் வழியே நேராக விழுந்தால் உள்ளே இருக்கும் திரை கருகிவிடும். மதிய உணவுக்குப் போகும்போது மூடாமல் விட்ட என் வியூஃபைண்டரில், திரும்பி வந்தபோது நடுவில் ஒரு கறை விழுந்திருந்தது. அது போகவே இல்லை. கேமராவைக் கீழே வைத்தால் ஒரு துணியாவது போட்டு மூடுங்கள்.

கேபிளையும் கவனியுங்கள். மினி எச்.டி.எம்.ஐ. முனைக்குப் பூட்டு கிடையாது. யாராவது கால் இடறினால் கேபிளோடு கேமராவின் இணைப்பும் பிய்ந்துவிடலாம். குட்டையான கேபிள், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் இரண்டும் தேவை. 5டி மார்க் 4 கேமராவோடு கேபிள் காப்பான் சேர்ந்தே வருகிறது, பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். செருகும்போதும் கழற்றும்போதும் கேமராவை அணைத்துவிடுங்கள். லைவ் வியூ பேட்டரியை வேகமாகத் தின்னும், வியூஃபைண்டருக்குத் தனி பேட்டரி வேண்டும். இரண்டுக்கும் மாற்று வைத்திருங்கள்.

பறவையையோ ஓடும் குழந்தையையோ புகைப்படம் எடுக்க இந்த வெளி வியூஃபைண்டரை மாட்டாதீர்கள். கண்ணாடி மேலே போனதும் அதன் வழியே ஒளி பெறும் வேகமான ஃபோகஸ் சென்சாரும் வேலை செய்யாது. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் லைவ் வியூவில் தடுமாறித்தான் ஃபோகஸ் பிடிக்கும். கேபிள் வழியே வரும் படமும் ஒரு கணம் தாமதித்தே வரும். அந்த வேலைக்குக் கேமராவில் ஏற்கெனவே இருக்கும் கண்ணாடி வியூஃபைண்டரே போதும்.