அமாவாசையில் காக்கைக்குச் சோறு வைக்கும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அமாவாசைப் படையல் முடிந்ததும், வீட்டார் சாப்பிட உட்காரும் முன்பே காக்கைக்கு வைத்துவிட வேண்டும். உச்சிப்பொழுதைத் தாண்டவிடாதீர்கள்.

ஒரு கைப்பிடி சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய், வடை சுட்டிருந்தால் பிய்த்த ஒரு துண்டு. ஆவி பறக்க வைக்கக் கூடாது, ஆறட்டும். குழம்பு ஊற்றிக் குழைக்காமல் உருண்டையாக்கி, வாழையிலைத் துண்டில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வையுங்கள். காற்றுக்கு இலை பறக்காமல் ஓரத்தில் சிறு கல். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

"கா... கா..." என்று கூப்பிட்டதும் உள்ளே வந்துவிடுங்கள். காக்கை வராததற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம்: பக்கத்திலேயே நிற்போம், இல்லையென்றால் பூனை சுற்றும். புது இடம், புதுப் பாத்திரம் என்றாலும் அது தயங்கும். முன்னோர் கோபம் என்று கலங்க வேண்டாம். தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு பிடி வைத்துப் பழக்குங்கள். அமாவாசையன்று தானே வரும். ஒகேனக்கல் ஆற்றங்கரையில் வைப்பவர்களுக்குக் குரங்குதான் தொல்லை.

சனிக்கிழமை எள்ளுச்சோறு தனி வழக்கம். காக்கை சனீஸ்வரனின் வாகனம். அது கரைந்தால் விருந்து வரும் என்பது சங்கப் பாட்டிலேயே உண்டு. ஜப்பானியருக்கு மூன்று கால் காக்கை 'யாத்தகராசு' வழிகாட்டி. லண்டன் கோட்டையிலோ, பறந்துபோனால் அரசு கவிழும் என்று குறைந்தது 6 ரேவன் என்னும் பெரிய காக்கைகளை வளர்க்கிறார்கள்.

மிஞ்சிய சோற்றைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள். விட்டால் எலி வரும்.