டபராவில் வெட்டிய பெண்டோ கேக்: மும்பை வெயிலில் கிரீமும் தமிழ் எழுத்தும்

போன மே மாதம் அத்தையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பெண்டோ கேக் செய்தேன். மேலே 'அத்தை 60' என்று எழுதி, மாட்டுங்காவில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டி ஏறி, முலுண்டில் இறங்கி, அவர் கையில் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தால் 'அததை 60' என்று இருந்தது. 'த்' மேல் வைத்த புள்ளி வழியில் எங்கேயோ வழுக்கிக்கொண்டு போய் கேக்கின் ஓரத்தில் மச்சம்போல உட்கார்ந்திருந்தது. "நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா யாரு இந்த அததை?" என்று கேட்டார் அத்தை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து செய்துவிட்டேன். இப்போது புள்ளி வைத்த இடத்திலேயே இருக்கிறது. எப்படி என்று எழுதிவைக்கிறேன்.

பெண்டோ கேக் என்பது சுமார் 4 அங்குல அகலம், 250 முதல் 350 கிராம் எடையுள்ள குட்டிக் கேக். ஒருவரோ இருவரோ சாப்பிடலாம். பர்கர் வைக்கும் டப்பாவில் அடங்கும். பெண்டோ என்றால் ஜப்பானில் சாப்பாட்டு டப்பா. கேக் பிரபலமானது என்னவோ கொரியாவில். சாப்பாட்டு டப்பா சுமக்கும் டப்பாவாலாக்கள் ஓடித் திரியும் ஊரில் இதற்குப் போய் 'பெண்டோ' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள் என்று என் கணவருக்குச் சிரிப்பு.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. க்ராஃபர்ட் மார்க்கெட் பக்கம் கேக் சாமான் கடைகள் இருக்கின்றன, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். கரும்புச் சக்கை டப்பா, கிரீம் பிழியும் பைப்பிங் பேக், அதன் நுனியில் மாட்டும் 2-ஆம் எண் நாசில், ஒரு நட்சத்திர நாசில், ஜெல் கலர், கிரீம் பூச ஒரு சின்ன வளைந்த ஸ்பாட்டுலா. இவ்வளவு போதும். பெரிய ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்காதீர்கள். 200 மில்லி கிரீம் அதன் பாத்திரத்தின் அடியில் கிடக்கும், அடிக்கும் கம்பி எட்டவே எட்டாது. கையில் பிடிக்கும் எலக்ட்ரிக் பீட்டர்தான் இதற்குச் சரி. சுழல் மேசைக்கும் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு சம்படத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டு வைத்துச் சுற்றினாலே போதும். 4 அங்குல டின்னும் தேவையில்லை, காரணம் கீழே.

கேக்குக்கு வருவோம். முட்டையில்லாமல் தயிரில் செய்வது. 1 கப் புளிக்காத தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரையும்வரை அடியுங்கள். ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சோடா உப்பும் போட்டுக் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள், நுரைத்து வரும். அரை கப் வாசனையில்லாத எண்ணெய், 1 டீஸ்பூன் வெனிலா, சலித்த மைதா ஒன்றரை கப். கட்டி இல்லாமல் கலந்தால் போதும், அதற்கு மேல் கரண்டியை ஓட்டினால் கேக் ரப்பராகிவிடும். கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு ஸ்பூன் பால். 8 அங்குலச் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓ.டி.ஜி.யில் (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 180 டிகிரியில் 22 முதல் 28 நிமிடம். குச்சி குத்திப் பார்த்து எடுங்கள். எங்கள் வீட்டு ஓ.டி.ஜி.யில் 25 நிமிடம் ஆகிறது.

ஆறியதும் கிளிங் பேப்பரில் சுற்றி இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாக வெட்டினால் பொடிப்பொடியாக உதிரும்.

வெட்டுவதற்கு டபரா. ஆமாம், காபி டபராதான். எங்கள் வீட்டு டபராவின் வாய் 9 செ.மீ. அகலம். கேக் மேல் கவிழ்த்து, ஓரத்தைச் சுற்றிச் சின்னக் கத்தியை ஓட்டினால் வட்டமாக வரும். அப்படியே அழுத்தி வெட்ட நினைக்காதீர்கள், டபராவின் விளிம்பு மடித்திருக்கும், கேக் நசுங்கும். சதுரத்தில் நான்கு வட்டம் கிடைக்கும். மேலே உப்பியிருப்பதைச் சீவிவிட்டால் ஒவ்வொன்றும் 2 செ.மீ. உயரம். இரண்டிரண்டாக அடுக்கினால் இரண்டு கேக். ஒன்று பரிசுக்கு, இன்னொன்று ஒத்திகைக்கு. மிச்ச ஓரங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இனிமேல்தான் நான் தடுக்கி விழுந்த இடம்.

விப்பிங் கிரீம். காபிக்கும் கிரேவிக்கும் வாங்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் ஆகாது, எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பால் கிரீமில் குறைந்தது 30 சதவீதம் கொழுப்பு வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. ருசி அதில்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் மும்பையில் மே மாதம் என்றால் பனிக்கட்டியாக உறைந்து வரும், பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த நான்-டெய்ரி கிரீமுக்குத்தான் என் ஓட்டு. வாயில் கொஞ்சம் வழுவழுவென்று ஒட்டும், உண்மைதான். நிற்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். அதில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், மேலும் போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பால் கிரீமுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

என் தவறு என்ன? முழுக்க உருகிய கிரீமை அடித்தேன். டப்பாவைக் காலையில் வெளியே எடுத்து மேடையில் வைத்துவிட்டுச் சமையலைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அது மோர் மாதிரி ஆகிவிட்டது. அடித்தேன், எழும்பியது. எழும்பியது என்று நம்பி எழுதினேன். குர்லா ஸ்டேஷன் தாண்டுவதற்குள் புள்ளி கிளம்பியிருக்கும்.

சரியான வழி: முந்தின ராத்திரியே ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் டப்பாவைக் குலுக்கினால் உள்ளே இன்னும் கொஞ்சம் பனித்துகள் சலசலக்க வேண்டும். அந்த நிலையில் அடியுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தெடுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் போட்ட இன்னொரு பாத்திரம். இரண்டு கேக்குக்கு 250 மில்லி தாராளம். முதல் நிமிடம் மெதுவாக, அப்புறம் நடுவேகம். வேகத்தைக் கடைசி எண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பி ஓடிய தடம் கிரீமில் அழியாமல் நின்றால் பூசுவதற்குத் தயார், நிறுத்துங்கள். பாதியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மிச்சத்தை இன்னும் ஒரு நிமிடம் அடித்தால் கேக்கின் ஓரத்தில் பிழியும் பூவுக்கு ஆகும். ரவை ரவையாகத் தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். அடிக்காத கிரீம் ஒரு ஸ்பூன் ஊற்றி, கரண்டியால் மெல்லப் புரட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

இதையெல்லாம் அடுப்படியில் செய்யாதீர்கள். பக்கத்தில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தால் கிரீமுக்கு எங்கே நிம்மதி? நான் ஏ.சி. இருக்கும் படுக்கையறையில், இஸ்திரி மேசையில் வைத்துச் செய்கிறேன்.

அடுக்குவது எளிது. 3 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு சர்க்கரை கரைத்து, ஒரு வட்டத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் தெளியுங்கள். நடுவில் கிரீம், மேலே அடுத்த வட்டம். சுற்றிலும் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தூள் எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும். அதன் மேல் இரண்டாவது பூச்சு. கண்ணாடிபோல வழுவழுப்பாக வர வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள், இந்தக் கேக்குக்குக் கொஞ்சம் கைவாகு தெரிந்தால்தான் அழகு. பட்டர் பேப்பர் சதுரத்தின் மேல் வைத்தே பூசுங்கள், கடைசியில் பேப்பரோடு தூக்கி டப்பாவில் இறக்கிவிடலாம். மறுபடியும் ஃப்ரிட்ஜில் அரை மணி.

எழுத்துக்கு வருகிறேன். மேல்பரப்பு கிரீமோடு சேர்த்து 10 செ.மீ. இருக்கும். ஓரத்துப் பூ போக உங்களுக்குக் கிடைப்பது 7 செ.மீ. 2-ஆம் எண் நாசிலில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 1 செ.மீ. வேண்டும். கொம்பு, கால் எல்லாம் தனி எழுத்தாகவே இடத்தை அடைக்கும். 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதை மறந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே நீளத்தில் தமிழில் எழுத உட்கார்ந்தால், வரி கேக்கின் பக்கவாட்டில் இறங்கித் தரைக்குப் போய்விடும். ஒரு வரிக்கு நான்கைந்து எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி. 'சாப்டியா?' என்று ஒரு கேக்கில் எழுதினேன். இதுவரை செய்ததில் அதற்குத்தான் அதிகப் பாராட்டு.

எழுதும் கிரீம் வேறு, பூசும் கிரீம் வேறு. இது யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஞ்சுபோல எழும்பிய கிரீமில் காற்றுக் குமிழ்கள் இருக்கும், எழுதும்போது 'டப்'பென்று வெடித்துக் கோடு அறுந்துவிடும். இரண்டு ஸ்பூன் கிரீமைக் கிண்ணத்தில் எடுத்து, ஜெல் கலர் ஒரு சொட்டு விட்டு, கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் சுவரில் அழுத்தி அழுத்தித் தேய்யுங்கள். கெட்டியாக இருந்தால் அடிக்காத கிரீம் சில துளி. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளப்பு வரும்போது நிறுத்துங்கள். கலர் நேரம் ஆக ஆகக் கூடும், ஆகையால் வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகவே கலக்குங்கள்.

பேக்கில் இந்த இரண்டு ஸ்பூன் மட்டும் போடுங்கள். நிரப்பினால் கைச்சூட்டில் பாதி உருகும். பேக் தீர்ந்துவிட்டதா? கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டை மருதாணி கோன்போலச் சுருட்டி நுனியை வெட்டினால் அதுவும் எழுதும்.

கை எப்படி நகர வேண்டும் என்பதற்கு என் பாட்டியின் இழைக்கோலம்தான் எனக்கு வழிகாட்டி. அரிசி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து, விரல் வழியாக இறக்கும்போது விரல் தரையை அழுத்தாது, மாவு தானாக வழியும். அதேபோல நாசில் நுனி கேக்கைக் கீறக் கூடாது. முதலில் மட்டும் தொட்டு ஒட்டவைத்து, அப்புறம் அரை செ.மீ. தூக்கி, கிரீம் இழை விழ விழக் கையை நகர்த்துங்கள். முடியும் இடத்துக்குச் சற்று முன்பே அழுத்துவதை நிறுத்துங்கள். நடு எழுத்தை முதலில் எழுதி, இரண்டு பக்கமும் விரியுங்கள். அதற்கு முன் பல்குத்தும் குச்சியால் லேசாகக் கீறி இடம் பார்த்துக்கொள்ளலாம். எவர்சில்வர் தட்டின் முதுகில் பத்துத் தடவை எழுதிப் பழகுங்கள், வழித்தெடுத்து மறுபடி பேக்கில் போட்டுக்கொள்ளலாம். 'ப', 'ட', 'ம' சுலபம். 'ழு', 'ணை' போன்றவை வந்தால் வேறு வார்த்தை தேடுங்கள் என்பதே என் யோசனை.

புள்ளி மட்டும் எல்லா எழுத்தும் முடிந்த பிறகு. கேக்கைப் பத்து நிமிடம் குளிரவைத்து, மிளகை விடச் சின்னதாக வையுங்கள். நான் முதல் தடவை பட்டாணி அளவு வைத்திருந்தேன், கனம் தாங்காமல் இறங்கியது. வால் நீட்டிக்கொண்டிருந்தால் ஈர விரலால் லேசாகத் தட்டுங்கள். கடைசியாக நட்சத்திர நாசிலில் ஓரப் பூ.

ரயிலில் கொண்டுபோக: மூடிய டப்பாவை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் பேக் போட்ட சாப்பாட்டுப் பையில் மட்டமாக வையுங்கள். கூட்ட நேரத்தில் ஏறாதீர்கள், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்காதீர்கள். மும்பைக் காற்றின் ஈரம் குளிர்ந்த கிரீம் மேல் வியர்வையாகப் படிந்து கலரைக் கரைக்கும். மூடியபடியே கால் மணி நேரம் விட்டால் அந்த வியர்வை டப்பா மேல் போய்விடும்.

பின்சேர்க்கை: ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். 4 அங்குல எவர்சில்வர் டப்பாவில் எண்ணெய் தடவி, மாவைப் பாதிவரை ஊற்றுங்கள். குக்கரின் அடியில் ஒரு கப் உப்பு பரப்பி ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே வைத்து, சிறு தீயில் 30 முதல் 35 நிமிடம். மேலே நிறம் ஏறாது, எப்படியும் கிரீம் மூடப்போகிறது.

இன்னொன்று: கறுப்பு எழுத்து சாம்பலாகவே நிற்கிறது என்று ஒருவர் எழுதினார். வெள்ளைக் கிரீமில் கறுப்பைக் கொட்டிக்கொண்டே போனால் கசக்கத்தான் செய்யும். முதலில் சலித்த கோகோ கலந்து பழுப்பாக்கி, அதில் கறுப்பு ஜெல் விடுங்கள், கொஞ்சத்திலேயே கறுக்கும்.

மூடி எழுத்தில் இடிக்கிறது என்றவர்களுக்கு: டப்பாக்கள் ஒரே உயரத்தில் வருவதில்லை. கேக் வெட்டுவதற்கு முன்பே டப்பாவை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். ஓரப் பூ உட்பட மேலே 1 செ.மீ. காலி இருக்க வேண்டும். இல்லையென்றால் வட்டத்தைச் சீவிக்கொள்ளுங்கள், கிரீமைக் குறைக்காதீர்கள்.