கொரிய மொழியில் ஒரே ஒலி, வேறு பொருள்: குழம்பாமல் படிக்க ஒரு வழி

"சாக்வா" என்றால் ஆப்பிள் என்று படித்திருப்பீர்கள். அப்புறம் ஒரு கொரியத் தொடரில் யாரோ தலைகுனிந்து "சாக்வா தருகிறேன்" என்பார், கையில் ஆப்பிள் இருக்காது. மன்னிப்புக் கேட்பதும் சாக்வாதான். இதை வைத்தே அங்கே அக்டோபர் 24 அன்று ஆப்பிள் கொடுத்து மன்னிப்புக் கேட்கும் விளையாட்டு வழக்கம் ஒன்று உண்டு.

இந்தக் குறிப்பு ஹங்குல் எழுத்துகளை வாசிக்கத் தெரிந்த தொடக்க நிலையினருக்கு. கொரியச் சொற்களைத் தமிழில் ஏறத்தாழத்தான் எழுத முடிகிறது. சரியான உச்சரிப்பை அகராதியின் ஒலிப் பொத்தானில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் இப்படி ஆனது? கொரிய அகராதிச் சொற்களில் பாதிக்கு மேல் சீன எழுத்துகளிலிருந்து வந்தவை. சீனத்தில் தொனியும் அசையும் பொருளைப் பிரித்துக் காட்டும். கொரிய மொழிக்கு வந்தபோது அந்த வேறுபாடுகளில் பல கரைந்துபோயின. தமிழில் பாபமும் (செய்த பாவம்) பாவமும் (முகபாவம்) ஒரே எழுத்துக்கூட்டில் வந்து விழுந்த மாதிரிதான். சீன எழுத்தையும் கலந்து எழுதிய காலத்தில் கண்ணாவது வித்தியாசம் காட்டியது. இன்று செய்தித்தாள்கள்கூட ஏறக்குறைய முழுக்க ஹங்குலில் வருவதால் அந்த உதவியும் இல்லை.

படி 1: அகராதியில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்

நேவர் (Naver) என்னும் கொரிய இணைய அகராதியில் "சுதோ" என்று தட்டுங்கள். தலைநகரம் என்று ஒரு பதிவு, குடிநீர்க் குழாய் வசதி என்று இன்னொரு பதிவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேறு வேறு சீன எழுத்துகள் இருக்கும். அந்த எழுத்துகளை எழுதப் பழக வேண்டாம். இரண்டும் வேறு என்று கண்ணில் பட்டால் போதும்.

பக்கத்தில் சீன எழுத்து எதுவுமே இல்லையென்றால் அது அநேகமாகத் தூய கொரியச் சொல். "நுன்" என்றால் கண், பனியும் நுன்தான். இங்கே இந்த வழி உதவாது, மனப்பாடம்தான்.

படி 2: எழுத்தின் பெயரைக் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கொரியர்கள் ஒரு சீன எழுத்தைச் சொல்லும்போது முதலில் அதன் பொருளைத் தூய கொரியத்திலும், பிறகு அதன் ஒலியையும் சொல்வார்கள். "முல் சு" என்றால் தண்ணீர் சு. "சோன் சு" என்றால் கை சு. "மொரி சு" என்றால் தலை சு. ஒலி ஒன்றுதான், ஆனால் பெயரோடு சொன்னால் குழப்பமே இல்லை.

இப்போது சுதோவைப் பிரிப்போம். தலைநகரம் என்னும் சுதோவில் இருப்பது தலை சு, கூடவே நகரத்தைக் குறிக்கும் தோ. நாம் சொல்லும் "தலைநகர்" அப்படியே அங்கே இருக்கிறது! குழாய் வசதி என்னும் சுதோவில் தண்ணீர் சு, வழியைக் குறிக்கும் "கில் தோ". நீர் வரும் வழி.

படி 3: குடும்பம் குடும்பமாகச் சேருங்கள்

தண்ணீர் சு வரும் சொற்கள்: சுயொங் (நீச்சல்), ஹோசு (ஏரி), ஹோங்சு (வெள்ளம்), செங்சு (கடையில் வாங்கும் குடிநீர்).

கை சு வரும் சொற்கள்: சுகொன் (துண்டு), பாக்சு (கைதட்டல்), ஆக்சு (கைகுலுக்கல்). பாடகருக்கும் விளையாட்டு வீரருக்கும் இதே கைதான்: காசு, சொன்சு. பாடகருக்கு ஏன் கை என்று யோசிக்கிறீர்களா? ஒன்றில் கைதேர்ந்தவர் என்ற பொருளில்தான்.

அடுத்து "ஜாங்". இடத்தைக் குறிக்கும் ஜாங் ஒன்று: கோங்ஜாங் (தொழிற்சாலை), ஜுச்சாஜாங் (வாகன நிறுத்தம்). தலைமையில் இருப்பவரைக் குறிக்கும் ஜாங் இன்னொன்று: சாஜாங் (நிறுவனத் தலைவர்), க்யோஜாங் (பள்ளித் தலைமையாசிரியர்). ஆக "ஷிஜாங்" சந்தையும் ஆகும், மேயரும் ஆகும். "நாம்தேமுன் ஷிஜாங்" என்றால் தென் கொரியத் தலைநகர் சோலில் (சியோல்) உள்ள புகழ்பெற்ற சந்தை. "சோல் ஷிஜாங்" என்றால் அந்நகரின் மேயர்.

படி 4: பக்கத்துச் சொல்லைப் பிடியுங்கள்

"யொன்கி" என்றால் புகை, நடிப்பு, தள்ளிவைப்பு மூன்றும். "எழும்" என்ற பொருளில் "நாதா" வந்தால் புகை. "செய்யும்" என்ற பொருளில் "ஹாதா" வந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கூட்டமா, நடிகரா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

"உய்சா" என்றால் பெரும்பாலும் மருத்துவர். ஆனால் "ஆன் ஜுங்-குன் உய்சா" என்று படித்துவிட்டு அவரை மருத்துவர் ஆக்கிவிடாதீர்கள். 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டவர் அவர்; இந்த உய்சா நாட்டுக்காக உயிர் கொடுத்தவரைக் குறிக்கும். "உய்சா சோதோங்" என்றாலோ கருத்துப் பரிமாற்றம். அதிலும் மருத்துவர் இல்லை.

படி 5: எதிரெதிர்ப் பொருள் தரும் சொற்களைத் தனியே குறியுங்கள்

"பாங்ஹ்வா" என்றால் தீயைத் தடுப்பது. தீ வைப்பதும் பாங்ஹ்வாதான்! முன்னதில் தடுக்கும் பாங், பின்னதில் விட்டுவிடும் பாங். வால் பகுதியைப் பாருங்கள்: பாங்ஹ்வாமுன் என்றால் கட்டடங்களில் இருக்கும் தீத்தடுப்புக் கதவு, பாங்ஹ்வாபொம் என்றால் தீ வைத்த குற்றவாளி. "பாங்சு"வும் இப்படித்தான்: நீர் புகாமல் தடுப்பது, நீரைத் திறந்துவிடுவது.

பழைய இலக்கண நூல்கள் "புஜா"வை நீட்டிச் சொன்னால் பணக்காரர், குறுக்கினால் தந்தையும் மகனும் என்று சொல்லும். இன்றைய இளைஞர் பேச்சில் அந்த நீளம் பெரும்பாலும் கேட்பதில்லை. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

சொந்த மொழிக்காரர்களுக்கே இதெல்லாம் தடுக்கும். 2022-இல் சோலில் ஒரு கஃபே "சிம்சிம்ஹான் சாக்வா" என்று, அதாவது ஆழ்ந்த மன்னிப்பு என்று அறிவித்தது. தூய கொரியத்தில் சிம்சிம் என்றால் சலிப்பு. "சலிப்பான மன்னிப்பா?" என்று இணையத்தில் கோபப்பட்டார்கள். கொரியாவில் பள்ளிக்கென வரையறுத்த அடிப்படைச் சீன எழுத்துகளே 1,800. அத்தனையும் உங்களுக்கு இப்போது வேண்டாம். சு, ஜாங், பாங் போல அடிக்கடி மோதும் சில அசைகளில் தொடங்குங்கள்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: "இசாகா இசாஹெத்தா." முதல் இசா ஒரு நிறுவன இயக்குநர், இரண்டாவது வீடு மாறுதல். இரண்டையும் அகராதியில் தேடி, நான்கு எழுத்துகளின் பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் அதே குடும்பத்திலிருந்து இன்னும் இரண்டு சொற்களைக் கண்டுபிடியுங்கள்.